காரம் ஒன்றுதான் மிச்சம்

ஜூன் 3
மொட்டைமாடித் தொட்டிகளில் மிளகாய் சிவந்து தொங்குகிறது. கூடை நிறையப் பறித்தேன். முன்பெல்லாம் பெருமையாக இருக்கும். இப்போது பார்த்தாலே பயமாக இருக்கிறது. போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவிக்கு நாக்கில் ருசியும் இல்லை, மூக்கில் வாசனையும் இல்லை. காரம் மட்டும்தான் உறைக்கிறது. அதனால் மிளகாயைச் சட்டியில் அள்ளிக் கொட்டுகிறாள்.

ஜூன் 5
கோழிக்கறி. மகள் இரண்டு வாய் வைத்துவிட்டு, "ஆபீஸ்லயே சாப்பிட்டேம்மா" என்று எழுந்துவிட்டாள். பச்சைப் பொய். நான் கண்ணும் மூக்கும் ஒழுக, "பிரமாதம்" என்றேன். என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. இனி எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

ஜூன் 9
மகள் மாடிப்படியில் மடக்கினாள்.
"நீங்களாவது சொல்லுங்கப்பா. வயிறெல்லாம் எரியுது."
"நீ சொல்லேன்."
"அம்மா முகத்தப் பாத்தா வரமாட்டேங்குது."
எனக்கு மட்டும் வருகிறதா? ருசி திரும்புமா என்று டாக்டரைக் கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்!

ஜூன் 12
நாற்றுக் கடையில் காரமே இல்லாத ரகம் ஒன்று இருந்தது. பார்வைக்கு அச்சு அசல் எங்கள் மிளகாய். காய்த்த செடிகளாகவே வாங்கி வந்தேன். பறிப்பது என் வேலை, இவள் மாடி ஏறுவதில்லை. நாளைக்குக் கூடையில் இதுதான்.

ஜூன் 13
மகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் மனைவி ஒரு கவளம் வாயில் வைத்தாள். இன்னொன்று. பிறகு ஒரு மிளகாயை எடுத்து அப்படியே மென்றாள்.
"என்னங்க, இதுவும் போயிடுச்சுங்க."
தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். ஐயோ, மிளகாய் வேறடின்னு சொல்லியிருக்கணும் — வாயே வரல. என்ன மனுஷன் நான்?

ஜூன் 14
விடிந்ததும் பழைய செடியிலிருந்து பறித்து நீட்டினேன். கடித்தாள். கண்ணில் நீர் கொட்ட, "இருக்குங்க! இருக்கு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தாங்கவில்லை. செடி மாற்றியதைச் சொல்லிவிட்டேன்.
சிரிப்பு நின்றது. "அப்போ, இத்தன நாளா பிரமாதம்னு சொன்னதெல்லாம்?"


ஜூன் 30
அன்றிலிருந்து இவள் கரண்டி பிடிக்கவில்லை, சமையல் என்னுடையது. இவள் தன் தட்டில் மட்டும் மிளகாயைப் பச்சையாக வைத்துக் கடித்துக்கொள்கிறாள். கோபம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் பேசுகிறாள். இன்று பருப்பு கொதிக்கும்போது கரண்டியை இவளிடம் நீட்டி, "நீ பண்ணு, உப்பு மட்டும் நான் பாத்து உள்ளபடி சொல்றேன்" என்றேன்.
"வேணாங்க. நீங்களே பண்ணுங்க. நான் வெங்காயம் உரிச்சுத் தரேன்."