சூசையின் வெள்ளிக்கோடு

செப்டெம்பர் 4, வியாழன்

ஷிரோக்கோ வெக்கைக்காற்று இன்னும் விடவில்லை. ஸ்பிரே அடிக்க வழியில்லை. பெயிண்ட் மாதிரிக் காரில் படுமுன் காற்றிலேயே காய்ந்து சொரசொரக்கிறது. கீழே மீன்காரன் விடிய முன்னமே கத்தத் தொடங்கிவிட்டான்.

வாங்க: வெள்ளிப் பெயிண்ட், மெல்லிய தூரிகை, வெங்காயம், கால் போத்தல் எண்ணெய்.

மத்தியானம் சூசை. மன்னார்க்காரன், நான் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த காலத்துப் பழக்கம். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியச் சீமாட்டி, வீட்டில் அவளுடைய தாயைப் பார்க்கிற வேலை. தூக்கி இருத்துவது, சூப் பருக்குவது, இன்சுலின் ஊசி போடுவது. படுக்க அங்கேயே ஓர் அறை. என்னைப் பார்த்துத்தான் இந்தச் சின்னக் கார் செய்கிற பைத்தியம் அவனுக்கும் பிடித்தது. சிஞ்ஞோராவின் செத்துப்போன தகப்பன் ஓடிய பழைய ஃபியட் காரை, போன வருசமே படத்தைப் பார்த்துச் செய்துவைத்திருக்கிறான். உள்ளங்கை நீளம், வான நீலம். சீற்றில் தையல்கூட இருக்கிறது. நல்ல வேலை. அவனுக்குச் சொல்லவில்லை.

ஒன்றுதான் மிச்சம். ஜன்னல்களைச் சுற்றி ஓடுகிற வெள்ளிக்கோடு. தலைமயிர்த் தடிப்பு.

கையை மேசையில் வைத்துக் காட்டினான். தானாக ஆடியது. மற்றக் கையால் அமத்தினான், அதுவும் ஆடியது.

"மாரியிலையிருந்து இப்பிடித்தான், மச்சான். சிஞ்ஞோரா கண்டாவெண்டால் ஊசி போட விடமாட்டா. வேலை போனால் அறையும் போச்சு. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

இப்போது எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். முழங்கையைக் கட்டிலில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரே குத்தாம். கிழவிக்குக் கண் தெரியாதது வசதி என்றான். உன்னிடம் எனக்கு என்ன வெட்கம், நீ பழைய ஆள் என்றான்.

பழைய ஆள்தான். காரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

செப். 6, சனி

காற்று அடங்கியது. கோடு அடித்தாயிற்று.

தூரிகையை அசைக்கக் கூடாது. முழங்கை மேசையில், சின்னவிரல் காரின் கூரையில், தூரிகை நின்ற இடத்தில் நிற்கும். இடக்கை காரைத் திருப்பும். சூசைக்கு இதை எத்தனையோ தரம் காட்டியிருக்கிறேன், தூரிகையைத்தான் ஓட்டுவான். மாதிரிக் கார்ப் பெட்டிக்குள் செய்முறைத் தாள் ஒன்று வரும், அதில் எழுத்திருக்கும். நான் படத்தை மட்டும் பார்ப்பேன். தமிழெழுத்தே அறுபது தாண்டித்தான், பேத்தியின் தமிழ்ப்பள்ளிப் புத்தகத்தில் பிடித்தேன்.

அதற்கு முன் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பெருவிரல் அடையாளம்தான். முதல் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, எடுக்கப் போன நாள். சூசை நீலக்கோட்டுச் சட்டை, இடப்பக்கப் பொக்கற்றில் மை கசிந்த கறை. எனக்காகக் கதைக்க வந்தவன். இவருக்குக் கையெழுத்து வராது என்று அதிகாரிக்கு இத்தாலியனில் சொன்னான், பிறகு வரிசையில் நின்ற நம்மாட்களுக்குத் தமிழிலும் சொன்னான். என் விரலைத் தானே பிடித்து மையில் உருட்டினான், கோழிக்கு மசாலா தடவுகிற மாதிரி. சிரித்த முகங்கள் எல்லாம் இப்போதும் வரிசையாக நிற்கின்றன. அன்றையிலிருந்து எனக்குப் பெயர் பெருவிரல். வைத்தவன் அவன், பரப்பினவனும் அவன். என் மனிசியின் செத்தவீட்டில் ஒருவன் வாசலில் நின்று கேட்டான்: "பெருவிரல் அண்ணை எங்கை?"

சூசைக்கு இதெல்லாம் மறந்துவிட்டது. மறக்கிறவனுக்கு உடம்பு சுகம்.

பின்னேரம் வந்தான். காரைப் பார்த்து அழுதான். தேத்தண்ணி கொடுத்தேன், பாதி சட்டையில்.

செப். 14, ஞாயிறு

கோவில் பக்கத்து மண்டபத்தில் மாதிரிக் கார்க் காட்சி. இத்தாலியர்தான் கூட. தமிழர் நாங்கள் இரண்டு பேர். நெஞ்செரிவு, காலையில் வெறும் பாண்.

சிஞ்ஞோரா வந்தாள். முத்துமாலை, கைவிசிறி. தகப்பனின் காரைக் கண்டதும் வாயைப் பொத்தினாள். சூசை பின்கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரிய மனிதர்கள் நிற்பதுபோல் இருக்கும், காரணம் எனக்குத் தெரியும். மாதிரிக் கார்ச் சங்கத் தலைவர், முடிதிருத்துகிறவர், குனிந்து பூதக்கண்ணாடியால் வெள்ளிக்கோட்டைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார்.

சூசை தானே அடித்ததாகச் சொன்னான்.

பொய்தான். நான் வாயைத் திறந்தது அதற்காக அல்ல. அவன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பைக் குவெஸ்தூரா வரிசையில் ஒருதரம் கண்டிருக்கிறேன்.

பக்கத்து மேசையில் பழகுகிறவர்களுக்கென்று வெறும் கார்க்கூடு, தூரிகை, பெயிண்ட், எல்லாம் திறந்தபடி. அடித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன் தலைவரிடம். எனக்குத் தெரிந்த இத்தாலியனில். அவ்வளவுதான் நான் சொன்னது.

எல்லோரும் கை தட்டினார்கள். சூசை கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். தலைவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். சிஞ்ஞோராவும், காட்டு, காட்டு என்றாள், பெருமையாக.

தூரிகையை எடுத்தான். வெள்ளி மேசையில் தெறித்தது, கையில், சிஞ்ஞோராவின் கைவிசிறியில். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சிஞ்ஞோரா காரைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள். எத்தனை நாளாக என்று மெல்லக் கேட்டாள். அவன் கையைப் பின்னால் ஒளித்தான்.

இரவு நல்ல நித்திரை.

செப். 18, வியாழன்

மழை ஒரு பாட்டம். வெங்காயம் வாங்கும்போது புஸ்பம். சிஞ்ஞோராவின் கட்டிடத்தில் படி கழுவுகிறவள், எல்லாம் தெரியும். திங்களன்று புது ஆள் வருகிறாளாம், ருமேனியாக்காரி, இளம் பெண். சூசை சனிக்குள் அறையை விட வேண்டும். சிஞ்ஞோரா அழுதுகொண்டுதான் சொன்னாளாம். காரை வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறாளாம்.

"ஆரோ எங்கடை ஆள்தான் சபையிலை காட்டிக்குடுத்ததாம். ஆர் அண்ணை அந்தப் பாவி?"

தெரியாது என்றேன். வெங்காயம் அழுகல், திருப்பிக் கொடுத்தேன்.

செப். 20, சனி

வெயில், காற்றில்லை. ஸ்பிரேக்கு இப்படியொரு நாள் கிடைக்காது. சிவப்புக் காருக்குக் கடைசிப் பூச்சு, பளபளப்பு. ஒரே வீச்சில் அடித்தேன், ஓரிடமும் வழியவில்லை.

கதவில் தட்டும் சத்தம். சூசை, கையில் ஒரு பை. திறந்து, வாசலிலேயே நின்று கதைத்தேன்.

"நீ ஏன் அண்டைக்கு அப்பிடிக் கேட்டனி எண்டு கேக்க வரேல்லை, மச்சான். ஒரு கிழமை படுக்க இடம் தா."

மற்றக் கட்டில் முழுக்கக் கார்ப் பெட்டி என்றேன்.

"அதுகளை நான் எடுத்து அடுக்கிறன்."

"உன்ரை கையாலையோ?"

கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிக்கப் போனான், வரவில்லை. கதவைச் சாத்தினேன்.

இறங்கிப் போகவில்லை. படியில் இருந்துவிட்டான். இருமல் கேட்கிறது. மேல்வீட்டுக்காரி கடந்து போகும்போது சுகமில்லையா என்று கேட்கிறாள், இல்லை இல்லை, ஒருவரைப் பார்க்க வந்தேன் என்கிறான்.

பூச்சு ஈரம். காயப் பின்னேரமாகும். அதுவரை கதவைத் திறக்க முடியாது, தூசி வரும்.