வாழி பாடாமல் விட்ட பாட்டு

சித்தாண்டி
19.01.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி வதனி எழுதுவது. நான் சுகம். வீடும் சுகம், கூரை மட்டும் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. உங்கள் சுகத்தை நீங்களே எழுதுங்கள். போனில் கேட்டால் "லைன் கிளியர் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். பதினைந்து வருடம் சவுண்ட் சேர்விஸ் நடத்திய மனிதருக்கு லைன் கிளியர் இல்லையாம்! கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

என் பழம்பாட்டுப் பட்டறை நேற்றும் நடந்தது. வாசிகசாலை மண்டபத்தில் பதினொரு பேர். ஏறாவூரில் இருந்து கைறுன்னிஸா வந்து தன் உம்மாவின் தாலாட்டைப் பாடிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. சீதேவிப்பிள்ளை அக்கா மட்டும் வரவில்லை. ஐப்பசிக்குப் பிறகு அவர் வருவதே இல்லை. அவர் முன்பாட்டு எடுக்காவிட்டால் வைகாசியில் பட்டறை வைக்கும் அரங்கு இல்லை.

அம்மன் பாட்டுக்கு என்ன முறை என்று உங்களுக்குத் தெரியும். வைகாசியில் கோயில் கதவு திறந்திருக்கும் ஏழு நாளில் மட்டும்தான் அதைப் பாடலாம். தொடங்கினால் வாழி பாடி அம்மனைக் குளிர வைக்காமல் நிறுத்தக் கூடாது. மற்ற மாதங்களில் பட்டறையில்கூடச் சொல்லை விட்டுவிட்டு, "தன்னானே" என்று மெட்டை மட்டும்தான் பழகுகிறோம். இவ்வளவும் தெரிந்த நீங்கள் ஐப்பசியில் கல்குடாக் கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி சோதிக்க அந்தப் பாட்டையா போட வேண்டும்? போட்டதும் போட்டீர்கள், அம்மன் ஊரை எரிக்கும் இடத்தில் டக்கென்று நிறுத்தியும் விட்டீர்கள். பந்தலில் இருந்த எங்கள் சனம் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டது.

போன வைகாசியில் அக்கா கோயிலில் பாடியதை நீங்கள் களவாகப் பதிந்து வைத்திருந்தீர்கள் என்று ஊர் சொல்கிறது. நானும் கேட்டேன். "ஓம்" என்று ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டீர்கள். அதற்கு மூன்றாம் கிழமை கட்டாருக்கு விமானம்.

இது என் சீதன வீடு. சொல்லாமல் இறங்கிப் போன ஆண்பிள்ளை, பெண் கூப்பிடாமல் படியேறுவதில்லை. நான் கூப்பிடப் போவதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அதுவும் உறுதியாக இல்லை. இருந்தால் மனம் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் இருக்கச் சொல்கிறது.

வதனி


தோஹா
16.02.2025

அன்பான வதனிக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். அறையில் இருக்கும் றிப்ஷான், "என்ன மச்சான், சோதினைக்கா படிக்கிறாய்?" என்று கேட்டான். ஓட்டமாவடிப் பொடியன், நல்லவன், குறட்டைதான் தாங்க முடியாது.

வேலை ஒரு ஹோட்டலின் மண்டபத்தில். போன வெள்ளிக்கிழமை ஐரோப்பாவில் இருந்து ஒரு குழு வந்தது. நானூறு வருடத்துப் பழைய இசையாம். வாத்தியங்களும் அந்தக் காலத்து மாதிரியே செய்தவை. நான் ஓடி ஓடி ஆறு மைக் வைத்தேன். தலைவி அம்மா ஒவ்வொன்றாக எடுத்து என் கையிலேயே தந்துவிட்டார். இந்தப் பாட்டுக்கு மைக் வேண்டாமாம். உன்னுடைய பட்டறையில் நீ என்னை மைக்கோடு வெளியே அனுப்பியது நினைவு வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நின்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது.

நான் செய்தது பிழை. ஊரிடமும் அதைத்தான் சொன்னேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே. அக்காவைச் சமாதானப்படுத்து. அவருக்கு உன் மீது கோபம் இருக்காது.

கூரைக்கு ஆள் பிடி. நீ கூப்பிட்டால் ஆனியில் லீவு கேட்பேன். கூப்பிடாவிட்டால் ஒப்பந்தம் இரண்டு வருடம்.

உன்
ஜெயரூபன்


சித்தாண்டி
20.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

மன்னிப்புக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. "கேட்காதே" என்றால் நான் கேட்காமல் இருப்பேனா? உங்களுக்கு இன்னும் என்னைத் தெரியவில்லை.

அக்கா வயல் வெட்டுக்கு வெல்லாவெளிப் பக்கம் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். வயல் வட்டையில் வெயில் நெருப்பாய்க் காய்ந்தது. அக்கா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் தந்தார். நான் அழுதுவிட்டேன்.

"எடுத்தது போகட்டும் மனெ. பாதியில நிப்பாட்டினதாலதான் எனக்கு நித்திரை இல்ல. அம்மாள் கோவத்தோட நடுத் தெருவில நிக்கா. பாடின வாய்தான் பாடி முடிக்கணும். எந்த அடியில நிப்பாட்டினவர் எண்டு உன்ட புருசனுட்டக் கேட்டுச் சொல்லு. கதவு திறந்த உடன நான் அதிலிருந்து பாடி முடிக்கன். அதுக்கு மறுகா பட்டறைக்கு வாறன்" என்றார்.

அவ்வளவுதான் மச்சான். ஒரே ஒரு அடி. பந்தலில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பயத்தில் யார் கவனித்தது? உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்கள். அக்கா பட்டறைக்கு வந்துவிட்டால் உங்கள் மீது எனக்கு இருக்கும் கோபம் பாதி போய்விடும். மீதியை நேரில் பார்ப்போம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பாட்டைக் களவாகப் பதிகிற ஆள் நீங்கள் இல்லை. கல்யாண வீட்டில் யாரும் தராத வெற்றிலைகூட எடுக்கமாட்டீர்கள்.

வதனி


தோஹா
18.04.2025

வதனி,

இதை எழுதாமல் இருக்க ஒரு மாதம் பார்த்தேன். முடியவில்லை.

அம்மன் தெருவில் இறங்கி, பச்சைக் குழந்தைகளை விட்டுவிடு என்று நெருப்புக்குச் சொல்லும் அடி இருக்கிறதே, அது முடிகிற இடத்தில் நிறுத்தினேன். ஆனால் இதை அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. அக்கா பாடி முடிக்க முடியாது. அது அக்காவின் குரல் இல்லை, உன் குரல்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு பின்னேரம். புது மைக் எப்படி எடுக்கிறது என்று பார்க்கக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு நான் முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ தேங்காய் துருவிக்கொண்டே "தன்னானே" என்று தொடங்கினாய். நாலு வரி போனதும் உன்னை அறியாமல் சொல் வந்துவிட்டது. அக்காவின் குழைவு அப்படியே இருந்தது. நான் அசையாமல் நின்றேன். அந்த அடி முடிந்ததும், "ஐயோ, சோறு அடிப்பிடிக்குது" என்று எழும்பி ஓடினாய். பிறகு பாடவில்லை. உனக்கு நினைவே இருக்காது.

நான் அந்தப் பதிவை அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை, அதுதான் என் களவு. கல்குடாவில் வேறு பாட்டு என்று நினைத்துப் பட்டனை மாறி அமர்த்திவிட்டேன். உன் குரல் என்று விளங்குவதற்குள் சனம் எழும்பிவிட்டது. அடுத்து வரப்போவது உன்னுடைய "ஐயோ, சோறு". அதைக் கேட்டால் யார் பாடியது என்று ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது. பாய்ந்து போய் நிறுத்தினேன்.

பட்டறை நடத்துகிற ரீச்சரே முறை தவறிப் பாடினாள் என்று தெரிந்தால் மண்டபத்தை அடுத்த நாளே பூட்டியிருப்பார்கள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை மறைக்கவும் என்னால் முடியாது, அதுதான் சொல்லாமல் இறங்கிப் போனேன். என் பெயர் கெட்டால் நாலு கல்யாணம் குறையும். உன் பெயர் கெட்டால் நீ என்ன செய்வாய்?

ஜெயரூபன்


சித்தாண்டி
12.06.2025

மச்சான்,

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று குசினிக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. பிறகு உங்கள் மீது வந்த கோபத்தில் பயம் போய்விட்டது.

கதவு திறந்த முதல் நாள் கோயில் வீதியில் வைத்து எல்லோருக்கும் சொன்னேன். "பாடினது நான். நிப்பாட்டினதும் நான். அவர் என்னைக் காப்பாத்தத்தான் பழியை எடுத்தவர்" என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். வாசிகசாலைத் தலைவர் கோணாமலை ஐயா அந்த இடத்திலேயே மண்டபச் சாவியைக் கேட்டு வாங்கினார். பட்டறையில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். அரங்கு நடக்கவில்லை. நீங்கள் பயந்தது எல்லாம் நடந்தது. நான் செத்துப் போகவில்லை.

அக்கா ஆறு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பாட்டுக்காரிகள் வரிசையில் என்னைச் சேர்க்கவும் இல்லை. ஏழாம் நாள், அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்திக்கு முன், கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "எடு புள்ள" என்றார். நெருப்புக்குச் சொல்லும் அந்த அடியில் இருந்து எடுத்து, வாழி வரை நானே பாடினேன். வாழியில் அக்கா சேர்ந்துகொண்டார். முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பட்டறைக்கு வருவாரோ தெரியாது. மீதி ஏழு பேர் இப்போது நம் வீட்டு அறையில் பாய் விரித்துப் பழகுகிறோம். கைறுன்னிஸாவும் வருகிறாள்.

இனி உங்களுக்கு. ஊருக்கு மறைத்தீர்கள், சரி. எனக்கு ஏன் மறைத்தீர்கள்? நான் தாங்கமாட்டேன் என்று யார் சொன்னது? ஏழு மாதம் ஒரு நல்ல மனிதரை வெறுத்தபடி தனியாகச் சோறு தின்ன வைத்தீர்களே, அதுவா காப்பாற்றுவது? பந்தலில் நீங்கள் பாய்ந்து ஓடிப்போய் நிறுத்தியதை நினைத்தால் உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அதற்குப் பிறகு ஊமையாக நின்றதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதுகிறேன்.

லீவு வேண்டாம். லீவில் வருகிறவருக்குத் திரும்பிப் போகிற நாள் இருக்கும். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வாருங்கள். இது பெண் கூப்பிடுவது. வீட்டுக்கு வாருங்கள், மச்சான்.

வதனி