என் பேத்தியின் லாரி போகும் வழி என் செல்போனுக்கு வருவது பற்றி

அனுப்புநர்
எல்லைக்குச் சரக்கு லாரி ஓட்டும் பெண்ணின் பாட்டி.
(பெயரும் முகவரியும் தனிச் சீட்டில் மடித்து வைத்துள்ளேன். தாங்கள் மட்டும் பார்க்கவும்.)

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
எல்லைக் காவல் வாகனப் பிரிவு.

பொருள்: வெள்ளிக்கிழமை லாரிகள் போகும் வழியை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. சென்ற மாதம் புது சிம் வாங்கினேன். அந்த எண் முன்பு தங்கள் பிரிவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையதாம். தங்கள் அதிகாரிகள் அவர் என்று நினைத்து என்னைச் செல்போன் குழுவில் சேர்த்து, "ஐயா, ரிட்டயர் ஆனாலும் நீங்க கூடவே இருக்கணும்" என்று பூங்கொத்துப் படம் போட்டார்கள். அன்று முதல் எந்த வண்டி எந்த வழி, எங்கே நிற்கும், காவலுக்கு எத்தனை பேர், எல்லாம் எனக்கு வருகிறது. நடுவில் காலை வணக்கமும் வருகிறது.

3. "நான் ஐயா இல்லை, ஒரு பாட்டி. என்னை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன். "ஐயாவோட குசும்பு இன்னும் போகலை" என்று பதில் போட்டு, ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

4. நேற்று வெள்ளிக்கிழமைப் பயணத்தின் வழி வந்தது. ஓட்டுநர்களில் என் பேத்தி பெயரும் இருக்கிறது. தாயில்லாத அவளை வளர்த்தவள் நான். அவ்வளவு பெரிய வண்டியை அவள் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்துவாள், பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால், "கேக்காத பாட்டி, சொன்னா தப்பு" என்பாள். அவள் எனக்கே சொல்லாததை, நான் யாரென்றே தெரியாத தங்கள் அதிகாரிகள் சொல்கிறார்கள்.

5. எனக்கு வருவது இன்னும் யார் யாருக்கு வருகிறதோ! நினைத்தால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உள்ளேயிருந்து டிங் டிங்கென்றது. திரும்ப எடுத்துவிட்டேன்.

6. இன்று நேரில் வந்தேன். வாசலில் இருந்த தம்பி, "மனுவை போட்டோ எடுத்து அனுப்பிடுங்க பாட்டி" என்றார். அந்தப் படமும் எந்தக் குழுவுக்குப் போய்ச் சேருமோ! எனவே நாளை தாங்கள் காரைவிட்டு இறங்கும்போது கையில் கொடுப்பேன்.

ஆகவே ஐயா, இதைப் படித்த உடனே வழியை மாற்றுங்கள். எந்த வழி என்று எனக்கும் தெரிய வேண்டாம். இந்த மனுவைப் படம் பிடித்து, "யார் இந்தப் பாட்டி?" என்று அந்தக் குழுவில் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அது எனக்குத்தான் வரும்.

இடம்: வீடு
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் குழுவில் இருக்கும் பாட்டி