டேங்க்குக்குப் பழைய போர்டா, புது போர்டா

அன்பு நைனா சந்தோஷுக்கு,

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் ரேஷ்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் நான் இந்த போர்டு விஷயத்தை ஆரம்பித்தாலே நீ இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறாய், எனக்குக் குழப்பம் இன்னும் கூடிப்போகிறது. அதனால் ஐந்தாவது வரை படித்த கையால் எழுதி மதிவதனியிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றாள். உன் அக்கா மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள் என்று நான் சொல்லாத வீடு இந்தத் தெருவில் கிடையாது.

நீ காலேஜ் படிக்கும்போது செய்து, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் டிபன் டப்பாவுக்குள் வைத்தாயே அந்த நீல எலக்ட்ரானிக் போர்டு, மாடி டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்திவிடும், இத்தனை வருஷத்தில் ஒரு நாள் முரண்டு பிடித்ததில்லை. இப்போது அதே அளவில் புதுசு வந்திருக்கிறது என்று ஆடி மாதம் சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பினாய், மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனி அபிஷேக் தம்பி மாட்டிக் கொடுத்தான். சின்னச் சின்ன லைட்டெல்லாம் சேர்ந்து இதயம் மாதிரி படம் காட்டியது, என் பிள்ளை வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பிய புரோகிராம் என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். டேங்க்கில் எவ்வளவு தண்ணீர் என்பது அங்கே உன் போனிலேயே தெரியும் என்று அபிஷேக் சொன்னான்.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல அரிவாள்மனை, தையல் மெஷின், உங்கள் அப்பாவின் ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்தேன். உழைக்கிற சாமானுக்கு அன்றைக்கு ஓய்வு இல்லையா, அதனால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போர்டையும் ஆஃப் செய்தேன், ஈரம் படக்கூடாது என்று மதி சொன்னதால் பொட்டை டப்பா மூடிமேல்தான் வைத்தேன். மறுநாள் காலையில் ஆன் செய்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் அபிஷேக் தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு படியில் நின்று, ஆன்ட்டி தண்ணி நின்னுடுச்சு என்கிறான். போய்ப் பார்த்தால் இதயமும் வரவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. வயர்மேன் துலுக்கானத்தைக் கூப்பிட்டேன். இதயப் படம் காட்டும் என்று சொன்னதும் அவர், இன்னாம்மா இது, தண்ணி ஏத்தச் சொன்னா லவ் பண்ணிக்கினு கீது, பயசுதாம்மா கெட்டி, என்று நக்கல் செய்துவிட்டுப் பழையதையே மாட்டினார். போட்டதும் ஓடியது, நானும் புதுசு வீண் என்று நம்பிவிட்டேன்.

சாயங்காலம் மதி வந்து, ஆயா வைஃபை இன்னா ஆச்சு என்று கேட்டாள். அதுவும் உழைக்கிறதுதானே என்று அதன் வயரையும் பிடுங்கி, பொட்டு வைத்து, பொரி கடலையோடு சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்திருந்தேன், திரும்ப எடுத்து மாட்டவே மறந்துபோனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வைஃபை கிடைத்தால்தான் மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று மாமா புரோகிராம் எழுதிவிட்டார், அது பாவம் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது, போர்டு மேல் தப்பே இல்லை என்கிறாள்.

இதற்குமேல்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. அபிஷேக் சொல்கிறான், பழையது காலாவதி ஆன்ட்டி, புதுசுக்கு வேகமும் ஞாபகமும் ஜாஸ்தி, தூக்கிப் போடுங்கள் என்று. மதியோ தூக்கிப் போடாதே எனக்குக் கொடு என்கிறாள். வகுப்பில் பாடமே பழையதில்தானாம், நெட்டில் எந்தச் சந்தேகம் தேடினாலும் அதற்குத்தான் யாராவது பதில் எழுதி வைத்திருக்கிறார்களாம். மாதக் கடைசியில் பாலிடெக்னிக்கில் கண்காட்சி, மழைத் தண்ணீர் வாசற்படி ஏறினால் சத்தம் போடும் கருவி செய்கிறாள், அதில் சேர்க்கும் ஏதோ ஒரு சின்னப் பாகம் புதுசோடு ஒத்துப்போகவில்லையாம், பழசு இல்லாவிட்டால் கண்காட்சிக்குப் பெயரே கொடுக்க முடியாது என்று முகம் வாடிப்போனாள். பழசு உதவாது என்றால் அதை வைத்து எதற்குப் பாடம் நடத்துகிறார்கள், பழசே போதும் என்றால் எதற்குப் புதுசு செய்கிறார்கள், நீயாவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும், எடுத்ததும் மா டேங்க் நிறைஞ்சுதா என்பாய், அப்புறம்தான் மற்ற பேச்சு. புது போர்டு வந்த பிறகு அது குறைந்துபோனது. ரேஷ்மாவிடம் கேட்டேன், தினமும் மோட்டார் ஓடுவது போனில் தெரிகிறது அத்தை, அதனால் நீங்கள் நல்லா இருக்கிறீர்கள் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார் என்றாள். நைனா, நான் எழுந்தாலும் எழாவிட்டாலும் மோட்டார் தானாகத்தானே ஓடும். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அன்றைக்கும், வைஃபை இல்லாமல் முந்தின நாள் கணக்கே நின்றுபோய், உன் போனில் டேங்க் நிறைந்திருப்பதாகவே காட்டியதாம், மதி சொன்னாள்.

யோசித்து யோசித்து ஒன்று செய்துவிட்டேன், சரியா தப்பா தெரியவில்லை. பழையதை மதிக்குக் கொடுத்துவிட்டேன், அவளும் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். மோட்டாருக்குப் புதுசையே மாட்டச் சொன்னேன், ஆனால் வைஃபையே வேண்டாம் என்று அபிஷேக்கை விட்டு புரோகிராமை மாற்றி எழுதவைத்தேன். அப்போ புதுசு வாங்கி இன்னா பிரயோஜனம் ஆயா என்று மதி தலையில் அடித்துக்கொள்கிறாள். தண்ணீர் ஏறுகிறது, இதயப் படமும் வருகிறது, உன் போனில் மட்டும் இனி ஒன்றும் தெரியாது.

நீயும் ரேஷ்மாவும் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், காலுக்கு உறை போடாமல் தரையில் நடக்காதே, மதி கண்காட்சிக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துவிடாதே. டேங்க் நிறைந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேம்புலியம்மாள்