ஐயனாருக்குக் கட்டிய குழை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். முல்லைத்தீவில் உங்களுடைய மேசன் வேலை எப்படிப் போகிறது?

எனக்குக் காடு காக்கும் வேலை கிடைத்து இன்றோடு எட்டு நாள். பதினொரு வருடம் முழங்காலில் நின்று கண்ணிவெடி எடுத்தவளுக்கு நடக்கிற வேலை சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். முழங்கால் கேட்கமாட்டேன் என்கிறது.

நேற்று, குளத்துக்கு மேற்கே ஒரு முதிரை மரம் வெட்டிக் கிடந்தது. வெட்டுவதற்கு முன் உத்தரவு கேட்டு ஐயனாருக்குக் கட்டும் இலைக்குழை பக்கத்து மரத்தில் தொங்கியது, இன்னும் வாடவில்லை. அதைக் கட்டியிருந்தது ஒரு சீலைத் துண்டு. நாவல் நிறம், மஞ்சள் கரை. முல்லைத்தீவுக்கு என்று நீங்கள் சோறு கட்டிக்கொண்டு போன என்னுடைய பழைய சீலை.

"அக்கா, இது ஆர் கட்டினது?" என்று என்னோடு வேலை செய்யும் சுதர்சினி கேட்டாள்.

"தேன் எடுக்கிற ஆக்களாயிருக்கும்" என்றேன். அவள் மரத்தை அளக்கத் திரும்பியதும் துண்டை அவிழ்த்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெட்டியவரைப் பற்றித் தடயம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் நான்தான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வெடி எடுத்த காலத்தில், பார்க்காத ஒரு சாண் நிலத்தைக்கூடச் சுத்தம் என்று எழுதாத கை இது. இன்னொரு முறை இப்படி எழுத என்னால் ஏலாது.

ஐயனாரிடம் உத்தரவு கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துண்டைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நீங்கள் வந்து எடுக்கும்வரை அது அங்கேதான் கிடக்கும்.

பிள்ளைகளின் அம்மா