பூஜையில் இருந்த கம்ப்யூட்டர்

செப்டம்பர் 16, செவ்வாய்

இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சைபர் பாதுகாப்புச் செய்திகளைப் படித்தேன். எங்கேயோ ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டார்களாம். போனுக்கு அவசர அப்டேட் ஒன்று. ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் மென்பொருளில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இட்லியை இறக்குகிறேன். பெங்களூரில் என் மகள் ஜெயபிரியாவுக்கு அப்படி ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை.

இன்றும் அவள் பெயர் இல்லை.

செப்டம்பர் 19

கூப்பிட்டுவிடலாமா? அவள் எங்களை மீறி அனிஷைக் கட்டிக்கொண்டு போன பிறகு இவர் அவள் பெயரையே எடுப்பதில்லை. கடைசியாக மொட்டைமாடியில் ஒளிந்து நின்று பேசினேன். "திருட்டுத்தனமா பேச வேண்டாம்மா. அப்பா பக்கத்துல இருக்கும்போது கூப்பிடு, எடுக்கேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வச்சு என்ன செய்ய — குரல் கேக்கணும்போல இருக்கே.

செப்டம்பர் 25

யாரோ ஒரு போலந்துக்காரர் பெயர். அவர் அம்மாவும் இதைப் பார்த்திருப்பாளா?

செப்டம்பர் 30

நாளை ஆயுதபூஜை. உடன்குடிக் கருப்பட்டியைக் கப்பலேற்றுகிற எங்கள் சொந்த ஆபீஸில் ஆயுதம் என்றால் தராசும் கம்ப்யூட்டரும்தான். எல்லாவற்றையும் துடைத்தோம். கணக்கு எழுதும் ஷாம், "பொட்டு வச்சாச்சுன்னா வைரஸ் வராதுல்லா, அக்கா?" என்றார்.

"வரும். பொட்டு வச்சுக்கிட்டு வரும்."

அக்டோபர் 1, ஆயுதபூஜை

பூஜை முடிந்து வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் — எம். ஜெயபிரியா. இரண்டு தடவை படித்தேன். அவள்தான், அவள் கம்பெனிதான்.

அப்புறம்தான் மேலே படித்தேன். ஓட்டை இருப்பது, வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க நாங்கள் வைத்திருக்கிற அதே மென்பொருளில். அதன் வழியாகத் திருடர்கள் ஏற்கெனவே நுழைகிறார்களாம். உடனே அப்டேட் செய்ய வேண்டும். ஆனால் சந்தனம் பூசிப் பூஜையில் வைத்ததை நாளைக் காலைவரை தொடக் கூடாது. இவர் தராசைக்கூட அசைக்க விடமாட்டார். பில் போடுகிற கம்ப்யூட்டரோ அணைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவரிடம் சொன்னேன்.

"ஒரு நாள்ல என்னளா ஆயிரும்?"

போனை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிக்கு வந்தவர் நிமிரவேயில்லை.

"இனிஷியல் எம்முன்னுதான போட்டிருக்கு?"

"ஆமாங்க. கல்யாணத்துக்கப்புறமும் உங்க பேர மாத்தல."

வண்டிச் சாவியை எடுத்தார்; மில்லர்புரத்து வீட்டிலிருந்து நேராக ஆபீஸுக்குப் போனோம். நான் நெட் வயரைப் பிடுங்கினேன். கீபோர்டில் காய்ந்திருந்த சந்தனத்தை அவரே துண்டால் துடைத்தார்.

"ஏற்கெனவே எவனும் உள்ள வந்திருந்தா?"

"அது பாக்க எனக்குத் தெரியாதுங்க."

துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "கண்டுபிடிச்சவட்ட கேளு."

கூப்பிட்டேன். எடுத்ததும் கேட்டாள்: "அப்பா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

ஆபீஸ் கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "நெட்ட கழத்திட்டியாம்மா?"

அக்டோபர் 3

எவனும் நுழைந்ததற்குத் தடயம் இல்லை என்று சொல்லத்தான் காலையில் கூப்பிட்டாள். சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை. அவள் பேசியதில் இவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார், சத்தத்தைக் கூட்டச் சொன்னார், காப்பியை ஆறவிட்டார்.

"பாஸ்வேர்டுல ஆபீஸ் பேரு வைக்கக் கூடாதுன்னு அப்பாட்ட சொல்லும்மா."

இவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்கிட்டயே சொல்லச் சொல்லு."