நடு மெஷினும் என் கைராசியும்

மார்கழி 13, திங்கள்

பனி. எதிர் இட்லிக்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் எங்கள் கடையில் மூன்று மெஷின், அதாவது கம்ப்யூட்டர். முதலில் செல்வி, நடுவில் பாய், கடைசியில் நான். கடை பாயுடையது.

பதினொரு மணி டீ. வருகிறவர்கள் விவரம் எழுதும் பதிவேட்டில் பாதிப் பெயர் அடித்திருந்தேன், அப்படியே விட்டு, மெஷின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் சீட்டுக்குப் போடுவதுபோல். பதிவேட்டை மூடினால் மறுபடி திறக்கப் பத்து நிமிஷம் ஆகிறது, யார் காத்திருப்பது?

திரும்பினால் கடையில் கூச்சல். செல்வி மெஷினும் பாய் மெஷினும் நின்றுவிட்டன. திரையில் அம்பு நகர்கிறது, அமுக்கினால் ஒன்றுமில்லை.

"வைரஸுப்பா" என்றார் பாய்.

"செல்வி பாட்டு போட்டுக்கினு வேலை செய்யுது, அதான்" என்றேன்.

"பாட்டு இன்னாண்ணா பண்ணுச்சு?" முறைத்தாள்.

நான் உட்கார்ந்து பெயரை முடித்தேன். எல்லாம் ஓடியது. "உன் கைராசிப்பா" என்றார் பாய். எனக்குப் பெருமைதான்.

வெள்ளிமலையிலிருந்து ஆண்டி வந்தார். மகள் மலருக்கு நர்சிங் விண்ணப்பம். வெள்ளி மாலை ஐந்து மணி கடைசி. சாதிச் சான்று இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு பை கடுக்காய் கொடுத்துவிட்டுப் போனார். என்ன செய்வது அவ்வளவையும்?

மார்கழி 14, செவ்வாய்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். தியாகதுருகம் ரோட்டில் மறியல், பஸ் இல்லை. கடைக்கு வந்தது நாலு பேர். அப்படியும் பதினொரு மணிக்கு நின்றுவிட்டதாம். ஆக, கூட்டத்தால் இல்லை.

நடு மெஷினில் பார்த்தேன். மெஷினின் மூளை சும்மாதான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க்தான் நூற்றுக்கு நூறு திணறுகிறது. மூன்று மெஷினுக்கும் பதிவேடு அந்தப் பழைய டிஸ்கில்தான். காதை வைத்துக் கேட்டேன். டக்... டக்... இழுத்து மூச்சு வாங்குகிறது.

"புது டிஸ்க் சொல்லிக்கீறேன். சேலத்து வண்டி சின்னசேலம் தாண்டலியாம்" என்றார் பாய்.

கரும்பாலை எடைமேடை நினைவு வந்தது. என் மாமன் ஒருமுறை கரும்பு வண்டியை மேடை மேலேயே விட்டுவிட்டு பீடி வாங்கப் போனார். பின்னால் வரிசை ரோடு வரை. மாடுகள் பக்கத்து வண்டிக் கரும்பைத் தின்று தீர்த்தன. திட்டு வாங்கியது மாடு.

மார்கழி 16, வியாழன்

தலைவலி. கடுக்காய்த் தண்ணீர் குடித்தேன், பயனில்லை. பதினொன்றுக்கு நின்றது. டீ குடித்துவிட்டு வந்து சரிசெய்தேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வந்தா மட்டும் ஓடுதேண்ணா" என்றாள். பொறாமை.

மார்கழி 17, வெள்ளி

மாலை நாலு மணி டீ. பாதியில் பாய் கூப்பிட்டார். ஓடினேன்.

ஆண்டி, வியர்வையில் சட்டை நனைய நின்றிருந்தார். மறியலில் பஸ் நின்றதாம், பாதி வழி நடந்திருக்கிறார். சான்று கையில். செல்வி அதை ஸ்கேன் பண்ணிப் பதிவேட்டில் சேமிக்கப் போக, மெஷின் நின்றுவிட்டது.

"நீ உக்காருப்பா, கைராசி."

செல்வி இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் அசையவில்லை. மணி 4.25.

"ஒயரப் புடுங்கிப் போட்டுட்டு மறுபடி போடு" என்றார் பாய்.

"வேணாம் பாய், எழுதினு இருக்கும்போது புடுங்கினா பதிவேடே பூடும்." செல்வி நடு மெஷினுக்குப் போய், யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரே வரி. பதிவேடு. திறந்திருப்பது மூன்றாவது மெஷின்.

மூவரும் திரும்பிப் பார்த்தோம். என் துண்டு.

"துண்ட எடுங்கண்ணா."

எடுத்தேன். கீழே பாதிப் பெயர், மின்னும் கோடு. அதை முடிக்கும்வரை மற்ற எவரும் பதிவேட்டில் எழுத முடியாது. அத்தனை நாளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான். பெயரை முடித்துச் சேமிக்க அமுக்கினேன். டிஸ்க் அவசரப்படவில்லை. டக்... டக்... 4.31. 4.36.

"இன்னாங்க ஆச்சு? பாப்பா வூட்ல காத்துக்கினு கீதுங்க" என்றார் ஆண்டி.

"மேடைல வண்டிய வுட்டுட்டுப் போயிட்டேங்க."

அவருக்குப் புரியவில்லை. 4.40க்குச் சேமித்து முடித்தது. செல்வி விரல் பறந்தது. 4.53க்கு ஒப்புகைத் தாள் வெளியே வந்தது. ஆண்டி அதைச் சூடு ஆறும்வரை ஊதினார்.

 செல்வி பாட்டைப் போட்டாள், அடங்கிய சத்தத்தில். எழுந்து போய் நானே ஜாஸ்தி ஆக்கினேன்.